கல்லூரிக் கணினிச் சங்கத்தின் பேச்சு கோட்டை வரை போகுமா?

கேள்வி: "பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் கணினி அறிவியல் துறைச் சங்கத்துக்குப் பொறுப்பாக இருக்கிறேன். வெளிநாட்டில் ஏசிஎம் மாதிரி அமைப்புகள் அரசாங்கத்துக்கே ஆலோசனை சொல்கின்றன என்று படிக்கிறோம். அது எப்படி நடக்கிறது? எங்களை மாதிரி ஊரில் இருப்பவர்களால் அப்படி ஏதாவது செய்ய முடியுமா, இல்லை கலெக்டர் ஆபீஸில் மனு கொடுப்பதோடு சரியா?"

முடியும் சார். ஆனால் திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் வரிசையில் நின்று கொடுக்கிற மனுவும் இதுவும் ஒன்றல்ல. மனு "இதைச் செய்து தாருங்கள்" என்று கேட்கும். கல்விசார் கணினிச் சங்கங்கள் கொடுக்கிற தாளில் "இந்த விதியின் இந்த வரி இப்படி இருக்கிறது, இதனால் இன்ன கோளாறு வரும், இப்படி மாற்றி எழுதுங்கள்" என்று இருக்கும். கோப்பு எழுதும் அலுவலருக்கு அதுதான் தேவை. அவருக்குக் கணினி தெரியாமல் இருக்கலாம், நேரம் நிச்சயமாக இருக்காது. எடுத்து அப்படியே ஒட்டக்கூடிய வாசகம் கையில் கிடைத்தால், அதன் பின்னால் துறை சார்ந்த பலர் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற தைரியமும் சேர்ந்தால், அந்த வாசகம் நகரும்.

முதலில் ஏசிஎம். 1947-ல் அமெரிக்காவில் தொடங்கிய கணினியியலாளர்களின் சங்கம். அதற்குள் அமெரிக்கத் தொழில்நுட்பக் கொள்கைக்கென்று தனிக் குழு, ஐரோப்பாவுக்கென்று தனிக் குழு. ஒரு அறிக்கை வெளிவருவதற்கு முன் துணைக்குழு வரைவு எழுதும், குழு முழுக்கத் திருத்தும், பிறகுதான் ஒப்புதல். வெளியிடும்போதும் அது அந்தக் குழுவின் கருத்தாகவே போகும், உலகம் முழுக்க உள்ள உறுப்பினர்கள் எல்லாருடைய கருத்தாக அல்ல. கட்சி சார்பும் கிடையாது. இந்த இரண்டும் அந்தக் காகிதத்துக்கு எடை கூட்டுபவை.

ஒரு உதாரணம். முகமறியும் மென்பொருள்கள் யாரிடம் எவ்வளவு தவறுகின்றன என்று ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களை எடுத்துச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம். கருநிறப் பெண்களிடம் அது 34.7 சதவீதம் வரை போனது. 2020 ஜூன் 30 அன்று ஏசிஎம்மின் அமெரிக்கக் குழு, மக்களின் உரிமைகளுக்குக் கேடு வரும் என்று தெரிந்த இடங்களில் அரசும் தனியாரும் இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதை உடனே நிறுத்தி வைக்கச் சொன்னது. தெருவில் போராட்டம் நடத்துபவர் சொல்வதற்கும், அந்த மென்பொருளை எழுதத் தெரிந்தவர்களின் சங்கமே அளவீடு காட்டிச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. முதலாவது வேண்டாம் என்று சொல்லவில்லை. சட்டம் வரைகிறவர் மேசையில் இரண்டாவது கூடுதல் நேரம் கிடக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு வழி, எண்ணிக் கொடுப்பது. அமெரிக்கக் கணினி ஆய்வுச் சங்கம் 1974 முதல் 'டால்பி கணக்கெடுப்பு' என்று ஒன்றை நடத்துகிறது. கணினித் துறைகளில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முனைவர் ஆனார்கள், அதில் பெண்கள் எத்தனை, ஆசிரியர் எத்தனை, சம்பளம் எவ்வளவு, எல்லாம் ஆண்டுதோறும். பார்க்கச் சலிப்பான அட்டவணை. ஆனால் ஆராய்ச்சி நிதி பற்றிப் பேச்சு வரும்போது எடுத்துக் காட்ட அதைவிட நல்ல கணக்கு கிடைக்காது. அதே சங்கம் 1999-ல் ஒரு குறிப்பும் எழுதியது: கணினித் துறையில் மாநாட்டுக் கட்டுரைக்கு ஆய்விதழ்க் கட்டுரைக்குச் சமமான மதிப்பு உண்டு, பதவி உயர்வில் அதைக் கணக்கில் எடுங்கள் என்று. துறைக்குள் எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் கல்லூரி நிர்வாகத்திடம் காட்ட, சங்கம் எழுதிய தாள் ஒன்று இருப்பது வேறு.

பிரிட்டன் கதையை முழுசாகத் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் அதில் வெற்றியும் சறுக்கலும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அங்கே பள்ளியில் கணினிப் பாடம் என்றால் பெரும்பாலும் வேர்ட், எக்செல் பழக்குவதாக இருந்தது. 2008-ல் கணினி அறிஞர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து 'பள்ளியில் கணினியியல்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். அந்நாட்டுக் கணினிச் சங்கம் பின்னால் நின்றது. 2012 ஜனவரியில், பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டியின் அறிக்கை வந்தது. அதே மாதம் கல்வி அமைச்சர் பழைய பாடத்திட்டத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். 2014 செப்டம்பரில் 5 வயது முதலே நிரலாக்கச் சிந்தனை உள்ள புதிய பாடம் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. ஆறு ஆண்டு. கொள்கை மாற்றத்துக்கு இது ஓட்டமான வேகம்.

பிறகு? 2017-ல் அதே ராயல் சொசைட்டி திரும்பிப் போய்ப் பார்த்தபோது, இங்கிலாந்தில் 54 சதவீதப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்கு நிகரான தேர்வில் கணினி அறிவியல் பாடமே இல்லை. எடுத்தவர்களிலும் பெண்கள் 20 சதவீதம்தான். பாடத்திட்டம் மாறியது, பாடம் நடத்த ஆள் இல்லை. அதற்கப்புறம்தான் 8 கோடியே 40 லட்சம் பவுண்டு ஒதுக்கி ஆசிரியர்களைப் பயிற்றினார்கள். கொள்கையைக் கேட்ட அதே தாளில், அதை நடத்திக் காட்ட எத்தனை ஆள், எத்தனை மணி நேரப் பயிற்சி என்பதையும் எழுதாவிட்டால் இப்படித்தான் ஆகும்.

இந்தியாவில் ஏசிஎம் இந்தியா 2016-ல் 'சிஎஸ்பாடசாலை' என்ற முயற்சியைத் தொடங்கியது. கணினியே இல்லாத வகுப்பிலும் கணிமைச் சிந்தனையை, அதாவது ஒரு சிக்கலைப் படிப்படியாகப் பிரித்துத் தீர்க்கும் முறையை, சொல்லிக்கொடுக்கும் பாடங்களைத் தயாரித்து ஆசிரியர்களிடம் கொடுப்பது அதன் வேலை. 2020 தேசியக் கல்விக் கொள்கையில் கணிமைச் சிந்தனையும், நடுநிலை வகுப்புகளில் நிரலெழுதுவதும் இடம்பெற்றன. அந்தக் கொள்கையின் மற்ற பகுதிகளைப் பற்றித் தமிழ்நாட்டில் என்ன கருத்து என்பது எல்லாருக்கும் தெரியும், அந்தச் சண்டை இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது ஒன்று: கையில் நடத்திப் பார்த்த பாடம் வைத்திருப்பவர் கேட்கும்போது "இது நடக்குமா?" என்ற கேள்வியே எழாது.

இவ்வளவு தூரம் போவானேன்? தமிழிலேயே இதைவிட நல்ல பாடம் இருக்கிறது, நீங்கள் தட்டச்சு செய்கிற விசைப்பலகையில்.

1990-களில் ஆளுக்கொரு தமிழ் எழுத்துரு, ஆளுக்கொரு விசை அமைப்பு. 1997-ல் சிங்கப்பூரிலும், 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டில் பேராசிரியர்களும் மென்பொருள்காரர்களும் உட்கார்ந்து பேசித் தீர்த்ததுதான் தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்பு. அந்த ஆண்டு ஜூனிலேயே தமிழக அரசு அதைத் தரமாக அறிவித்தது. 2000-ல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானது. அதன் முதல் தலைவர், அண்ணா பல்கலைக்கழகத்தின் முன்னாள் துணைவேந்தர் மு. அனந்தகிருஷ்ணன். 2017-ல் தமிழக அரசு பள்ளிப் பாடத்திட்டத்தைத் திருத்த உயர்மட்டக் குழு அமைத்தபோது அதற்கும் அவரே தலைவர். சங்கத்தில் இருப்பவரே அரசுக் குழுவிலும் இருக்கும் இந்த மாதிரி ஆட்கள் வழியாகத்தான் பாதிக் கொள்கை நகர்கிறது. நல்லதா கெட்டதா என்பது ஆளைப் பொறுத்தது.

தமிழ்99 ஏன் நல்ல வடிவம் என்று கைவைத்துப் பார்த்தால் தெரியும். உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலது கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதலாவதுக்குப் புள்ளி தானே விழும். 'திருநெல்வேலி'க்குப் பன்னிரண்டு தட்டு: த, இ, ர, உ, ந, எ, ல, புள்ளி, வ, ஏ, ல, இ. சொல்லை உச்சரிக்கிற வரிசையிலேயே விரல் போகும். பழைய தட்டச்சுப்பொறி அமைப்பில் 'நெ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் ந. கண்ணுக்குத் தெரிகிற வரிசை அது.

அரசாணை வந்தது. வடிவமும் நல்ல வடிவம். ஆனாலும் ஆண்டுக்கணக்கில் அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருவும் பழைய தட்டச்சு அமைப்பும்தான் ஓடின. காரணம் பிடிவாதம் இல்லை. டைப்பிஸ்ட் வேலைக்குத் தேர்வாணையம் கேட்பது அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் தட்டச்சு தேறிய சான்றிதழ். அந்தத் தேர்வு நடந்துவந்தது தட்டச்சுப்பொறியில். நம்ம ஊர் டைப் இன்ஸ்டிட்யூட்டில் காலை ஆறு மணி பேட்ச்சில் உட்காரும் பிள்ளை தேர்வுக்கு வருகிற அமைப்பைத்தான் பழகும். வேலைக்குச் சேர்ந்த பிறகு அரசாணையைக் காட்டி விரலை மாற்று என்றால் மாறுமா? 1999-ல் அரசாணையோடு சேர்த்துத் தேர்வு விதியையும் கணினி வாங்கும் ஒப்பந்த வாசகத்தையும் மாற்றியிருக்க வேண்டும். அந்த இரண்டு தாளையும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்பதுதான் என் கணிப்பு. விளைவை இன்றைக்கும் பார்க்கலாம்: பழைய எழுத்துருவில் அடித்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஒரு வரி புரியாது, 'பட்டா' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது.

2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டி, எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி வாசிக்கக்கூடிய யூனிகோடு எழுத்துக் குறிமுறை தமிழக அரசின் தரமானது. அதை நிர்வகிக்கும் யூனிகோடு சேர்த்தியத்தோடு பேசுவது இன்னொரு தினுசு. அங்கே கோஷத்துக்கு இடமில்லை. எண்ணிட்ட ஆவணம், ஒவ்வொரு எழுத்துக்கும் அச்சுச் சான்று, அகரவரிசை, பண்பு அட்டவணை எல்லாம் வேண்டும். முந்திரி, அரைக்காணி முதலிய பின்னங்களும் பழைய கணக்கேடுகளின் குறிகளுமாக 51 எழுத்துகள் 2019 மார்ச்சில் யூனிகோடு 12.0-வில் ஏறின. பல ஆண்டு ஆவணப் போக்குவரத்துக்குப் பிறகு.

இனி உங்கள் கல்லூரிக்கு வருவோம்.

எந்தப் பெயரில் எழுதுவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏசிஎம் அல்லது இந்தியக் கணினிச் சங்கத்தின் மாணவர் கிளை நடத்துகிறீர்கள் என்றால், தாய்ச்சங்கத்தின் பெயரில் கொள்கை அறிக்கை விடாதீர்கள். கிளைக்கு அந்த உரிமை இல்லை. சுற்றியுள்ள நாலைந்து கல்லூரிகளின் கணினி ஆசிரியர்கள் சேர்ந்து தனிச் சங்கமாகப் பதிவு செய்வது நல்லது. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி குறைந்தது 7 பேர் வேண்டும். பதிவுக்குப் பிறகு ஆண்டுதோறும் மாவட்டப் பதிவாளரிடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். இங்கேதான் பாதிச் சங்கங்கள் விழும். மூன்று ஆண்டு தாக்கல் விட்டுப்போன சங்கத்தின் லெட்டர்பேடை அலுவலர் மதிக்க மாட்டார்.

சங்கம் வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அரசுக் கல்லூரி ஆசிரியரை 1973-ம் ஆண்டு நடத்தை விதிகள் கட்டுப்படுத்தும். அரசின் கொள்கையைத் தனியாளாகப் பகிரங்கமாக விமர்சித்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். அரசே கருத்துக் கேட்டு வெளியிட்ட வரைவுக்குச் சங்கத்தின் பெயரில் தொழில்நுட்பக் குறிப்பு அனுப்புவது வேறு வகை. அப்போதும் கல்லூரி முதல்வரிடம் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு அனுப்புங்கள். மாணவர்கள் தரவு சேகரிக்கட்டும், சோதனை ஓட்டட்டும்; கையெழுத்து அவர்களிடம் வாங்க வேண்டாம்.

வாசல் எப்போது திறக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மத்திய அரசின் 2014-ம் ஆண்டு முன்-சட்ட ஆலோசனைக் கொள்கைப்படி வரைவுச் சட்டம் குறைந்தது 30 நாள் பொதுவில் இருக்க வேண்டும். சட்டக் கட்டாயம் இல்லை, மீறப்படுவதும் உண்டு. மாநில அரசை அது கட்டுப்படுத்தாது. மாநிலத்தில் நீங்கள் பார்க்க வேண்டியது, மானியக் கோரிக்கையின்போது ஒவ்வொரு துறையும் சட்டமன்றத்தில் வைக்கும் கொள்கை விளக்கக் குறிப்பு. தகவல் தொழில்நுட்பம் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறையின் குறிப்பையும் பள்ளிக்கல்வித் துறையின் குறிப்பையும் வருஷா வருஷம் வாசித்தால், அடுத்த ஆண்டு என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. வரைவு விதிகள் 2025 ஜனவரி 3-ல் வெளியாயின, பிப்ரவரி 18 வரை அவகாசம், பிறகு மார்ச் 5 வரை நீட்டித்தார்கள். பருவத் தேர்வுத் தாள் திருத்தம், பொங்கல் விடுமுறை எல்லாம் அதற்குள். கருத்துகளை விதிவாரியாகக் கேட்டார்கள். பொதுவாக "தனியுரிமை முக்கியம்" என்று எழுதியவருக்கு அங்கே பெட்டியே இல்லை. கணினி ஆசிரியர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட வரி சட்டத்தின் 17(2)(ஆ): ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரத்துக்கும் தரவைப் பயன்படுத்த விலக்கு உண்டு, ஆனால் தனியொருவரைப் பற்றி முடிவெடுக்க அதைப் பயன்படுத்தக்கூடாது, குறித்த தரநிலைகளையும் பின்பற்ற வேண்டும். மாணவர் வருகைப் பதிவை வைத்து "யார் இடைநிற்பார்" என்று கணிக்கும் புராஜெக்ட் உங்கள் துறையிலேயே குறைந்தது இரண்டு இருக்கும். அது ஆராய்ச்சியா, தனியொருவர் மேல் எடுக்கும் முடிவா? இந்த ஒரு கேள்விக்கு உதாரணத்தோடு எழுதியிருந்தாலே போதும், பயனுள்ள குறிப்பு.

30 நாள் கிடைத்தால் இப்படிப் பங்கிடுங்கள். முதல் மூன்று நாளில் எல்லாரும் வாசித்து, உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த மூன்று பிரிவுகளை மட்டும் எடுங்கள். மற்றதை விட்டுவிடுங்கள், எவ்வளவு கோபம் வந்தாலும். பத்தாம் நாள் முதல் வரைவு. அதைக் கணினி தெரியாத ஒருவர், முடிந்தால் நம்ம ஊர் அரசு சட்டக் கல்லூரி ஆசிரியர் ஒருவர், வாசிக்கட்டும். 20-ம் நாள் செயற்குழு வாக்கெடுப்பு. ஒத்துவராதவர் இருந்தால் அவர் பெயரையும் காரணத்தையும் கூட்டப் பதிவேட்டில் எழுதுங்கள். பள்ளிகளுக்கு வருகைப்பதிவு ஆப் விற்கிற உறுப்பினர் இருந்தால் அந்தப் பிரிவில் அவர் வாக்களிக்கக்கூடாது. இதைப் பின்னால் யாராவது தோண்டி எடுத்தால் முழுக் குறிப்பும் குப்பைக்குப் போகும். 25-ம் நாள் அனுப்பிவிடுங்கள். கடைசி ராத்திரி இணையதளம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

தாளின் அளவு இரண்டு பக்கம். யார் நீங்கள் என்று மூன்று வரி. பிறகு ஒவ்வொரு பிரிவுக்கும்: இப்போதுள்ள வாசகம், நீங்கள் சொல்லும் வாசகம், காரணம் ஐந்து வரி, செலவு ஒரு வரி. மற்றதெல்லாம் இணைப்பில்.

அனுப்பிய பிறகு ஒரு சூட்சுமம். மேற்படி தரவு விதிகளில், வந்த கருத்துகளை நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருப்போம், வெளியிட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். பத்து ரூபாய் கட்டித் தகவல் அறியும் உரிமையில் கேட்டாலும் அந்தக் காரணத்தைச் சொல்லி மறுக்கலாம். ஆகவே உங்கள் குறிப்பை நீங்களே வெளியிடுங்கள். நாடாளுமன்ற நிலைக்குழு கேட்டு அனுப்புகிற குறிப்பாணை அதற்கு நேர் எதிர்: குழுவிடம் போனதும் அது குழுவின் ஆவணம், ரகசியமாக வைக்க வேண்டியது. பத்திரிகைக்கு முந்திக் கொடுத்தால் உரிமைமீறல் ஆகும்.

முதல் முயற்சிக்கு டெல்லி வேண்டாம், தாமிரபரணி போதும். 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். அந்த எண்ணிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வானிலைக் கணக்கில் ஒரு நாள் என்பது காலை எட்டரை முதல் மறுநாள் எட்டரை வரை. '18-ம் தேதி மழை' என்று அட்டவணையில் இருந்தால் அதில் பெரும்பகுதி 17-ம் தேதி பெய்தது. இதை அறியாமல் அணை திறப்பு நேரத்தோடு ஒப்பிட்டால் வெள்ளம் முந்தியா மழை முந்தியா என்று தலைகீழாக முடிவு வரும்.

பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118 என்று முழுக் கொள்ளளவு மட்டங்களோடு நீர்மட்டக் குறிப்பு தினமும் காலையில் செய்தியாக வருகிறது. வாசிக்க வசதி. கணினியால் வாசிக்க முடியாது. 2012-ம் ஆண்டு தேசியத் தரவுப் பகிர்வுக் கொள்கை மத்திய அரசுத் துறைகள் தரவைக் கணினி வாசிக்கும் வடிவில் தரவேண்டும் என்கிறது. மாவட்டத்தை அது கட்டுப்படுத்தாது என்றாலும் முன்னுதாரணமாகக் காட்டலாம். கேட்க வேண்டிய வாசகம் இவ்வளவுதான்: அதே எண்களைத் தினமும் ஒரு சிஎஸ்வி கோப்பாகவும் (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணைக் கோப்பு) வெளியிட வேண்டும். பத்திகள்: நிலையக் குறியீடு, பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, அளவெடுத்த தேதியும் நேரமும், மழை மில்லிமீட்டரில், நீர்மட்டம் அடியில், வரத்தும் வெளியேற்றமும் கன அடியில். அளவு கிடைக்காத நாளில் கட்டத்தைக் காலியாக விட வேண்டும், 0 போடக்கூடாது. மழைமானி பழுதான நாளும் மழையே பெய்யாத நாளும் ஒன்றாகிவிட்டால் அந்தத் தரவை வைத்து எந்தக் கணிப்பும் செய்ய முடியாது. குறியீடு ஏன் என்றால், அம்பை, அம்பாசமுத்திரம், ஆங்கிலத்தில் மூன்று விதமான எழுத்துக்கூட்டல் என்று ஒரே ஊர் நாலு ஊராகிவிடும்.

கடிதத்தோடு மாதிரிக் கோப்பு ஒன்றையும், ஏற்கெனவே வெளியான ஒரு மாதக் குறிப்புகளை மாணவர்கள் அந்த வடிவில் ஏற்றியதையும், தட்டச்சு செய்ய ஒரு நாளைக்கு எத்தனை நிமிடம் ஆனது என்ற கணக்கையும் வையுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னேற்பாட்டுக் கூட்டங்கள் செப்டம்பர் வாக்கில் கூடும். கடிதம் ஜூலையில் கலெக்டருக்குப் போக வேண்டும், நீர்வளத் துறை, வருவாய்த் துறை இரண்டு பக்கத்துக்கும் பிரதியோடு. ஆகஸ்ட் நடுவில் யாராவது ஒருவர் நேரில் போய், கோப்பு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று கேட்டு அதன் எண்ணை எழுதி வாங்கி வரட்டும்.